புக்சோன்: ஒரு பில்டர் காப்பாத்தின தெரு!

ஒரு நிமிஷம் கண்ணை மூடி, ஏதாவது ஒரு கொரியன் சீரியலை மனசுல ஓட்டிப் பாருங்க. மேடா ஏறிப் போற ஒரு சந்து. ரெண்டு பக்கமும் கரும் சாம்பல் நிற ஓடு போட்ட மர வீடுகள். ஓரத்துல லேசா மேலே வளைஞ்சு, பறக்கத் தயாரா நிக்கிற பறவை மாதிரி கூரை. தூரத்துல நகரத்தோட உயரமான கட்டடங்கள். ஞாபகம் வருதா? சியோல் நகரத்துக்கு நட்டநடுவுல இருக்கிற அந்த ஏரியாவோட பேர், புக்சோன்.

எங்க ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல ‘கே டிராமா’ கச்சேரி களைகட்டும். லேப்டாப் ஒண்ணு, தலை பன்னிரண்டு. அப்படி ஒரு நாள் இந்த மாதிரி ஒரு தெரு வந்தப்ப, “அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி ராஜா காலத்துல கட்டின வீடுங்கடா இது”னு பந்தாவா எடுத்துவிட்டேன். சிவில் படிக்கிறவன் சொன்னா நம்பிடுவாங்க இல்லையா? நம்பிட்டாங்க.

அப்புறம் ஒரு செமினாருக்காக உட்கார்ந்து படிச்சப்பதான் மூக்கு உடைஞ்சது. ஏரியாவுக்குத்தான் அறுநூறு வயசு. போட்டோவுல நாம பார்த்து உருகுற வீடுகள்ல பெரும்பாலானவை 1930-கள்ல கட்டினவை. வயசு தொண்ணூறு சொச்சம்தான்! கட்டினதும் ராஜா இல்லை... பெரிய மனைகளை வாங்கி, துண்டு துண்டா பிரிச்சு வித்த ஒரு ரியல் எஸ்டேட்காரர்!

‘ப்ளாட் போடுற ஆளா? அவர் எப்படி ஹீரோ?’னு நீங்க கேக்குறது காதுல விழுது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

வடக்கே பெரிய மனுஷங்க!

‘புக்’னா வடக்கு. ‘சோன்’னா கிராமம். வடக்குக் கிராமம். அவ்வளவுதான் பேருக்கு அர்த்தம்.

1392-ல ஜோசன் ராஜவம்சம் ஆட்சிக்கு வந்துச்சு. ரெண்டே வருஷத்துல தலைநகரத்தை இப்போதைய சியோலுக்கு மாத்தினாங்க. 1395-ல கியோங்போக்குங் அரண்மனை, 1405-ல சாங்தியோக்குங் அரண்மனை. இந்த ரெண்டுக்கும் நடுவுல, மலைச்சரிவுல இருக்கிறதுதான் புக்சோன். முதுகுப் பக்கம் மலை, முகத்துக்கு நேரா தெற்கு வெயில், அஞ்சு நிமிஷம் நடந்தா அரண்மனை. இப்படி ஒரு இடம் யாருக்குப் போகும்? மந்திரிகள், ராஜாவோட சொந்தக்காரங்க, பெரிய அதிகாரிகள்னு ‘வி.ஐ.பி.’க்கள் எல்லாம் இங்கேதான் வீடு கட்டினாங்க. நகரத்துக்கு நடுவுல ஓடுற சொங்கியேசோன் ஓடைக்குத் தெற்கே, நம்சான் மலையடிவாரத்துல சின்ன அதிகாரிகளும் ஏழைப் படிப்பாளிகளும் இருந்தாங்க. அது ‘நம்சோன்’. தெற்குக் கிராமம்.

அந்தப் பெரிய வீடுகள் எப்படி இருக்கும்? ஆம்பளைங்களுக்கு ஒரு கட்டு, பொம்பளைங்களுக்கு ஒரு கட்டு, வேலைக்காரங்களுக்கு ஒரு கட்டு, ஒவ்வொண்ணுக்கும் தனி முற்றம். இன்னிக்கும் ஒரு சாம்பிள் பார்க்கணும்னா, காஹோ-டோங் பகுதியில இருக்கிற ‘பெக் இன்-ஜே’ வீட்டைப் பார்க்கலாம். 1913-ல ஒரு பேங்க் அதிகாரி கட்டினது. மனை மட்டும் 2,460 சதுர மீட்டர். நம்ம கணக்குல கிட்டத்தட்ட பதினோரு கிரவுண்டு! 2015-ல இருந்து பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்காங்க.

நைட் டியூட்டி ரூம்ல ஒரு புரட்சி!

1910-ல ஜப்பான், கொரியாவை மொத்தமா விழுங்கிடுச்சு. அடுத்த 35 வருஷம் அடிமை வாழ்க்கை.

புக்சோன்ல கியே-டோங் தெருவோட உச்சியில ஜுங்காங் ஸ்கூல் இருக்கு. ‘விண்டர் சொனாட்டா’ (2002), ‘காப்ளின்’ (2016) பார்த்தவங்களுக்கு இந்தக் கல் கட்டடம் நல்லாவே தெரியும். ஆனா சீரியல்காரங்க கேமராவைத் தூக்கிட்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அங்கே ஒரு பெரிய சீன் நடந்துச்சு. 1919 ஜனவரி. டோக்கியோவுல படிச்சிட்டிருந்த ஒரு கொரிய மாணவர், அங்கே மாணவர்கள் ரகசியமா எழுதின சுதந்திரப் பிரகடனத்தோட நகலை ஒளிச்சு எடுத்துட்டு வந்தார். நேரா வந்தது இந்த ஸ்கூலோட நைட் டியூட்டி ரூமுக்கு. அங்கே இருந்த வாத்தியார்கள் அதைப் படிச்சாங்க. ‘பசங்களே இவ்வளவு துணிஞ்சுட்டாங்க, நாம சும்மா இருக்கிறதா?’ங்கிற கேள்வி அங்கே இருந்துதான் சூடு பிடிச்சது. மார்ச் 1-ம் தேதி சியோல் தெருக்கள்ல கிளம்பின ‘சுதந்திரம் வாழ்க’ கோஷம், கொரியா முழுக்கப் பரவிச்சு.

அதுக்கு முந்தின ராத்திரி, அதே கியே-டோங்ல ஒரு சின்ன வீட்டுல, ஹான் யோங்-உன்ங்கிற கவிஞர் - அவர் ஒரு புத்த பிட்சுவும்கூட - அச்சடிச்ச பிரகடனக் கட்டுகளை மாணவர்கள் கையில பிரிச்சுக் கொடுத்தார். வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் நம்ம வயசுப் பசங்க. யோசிச்சுப் பாருங்க... நாளைக்கு ஜெயில்னு தெரிஞ்சே ஒரு கட்டுப் பேப்பரைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு அந்தச் சந்துல இறங்கி நடந்திருக்காங்க!

என்ட்ரி... ஜோங் செ-க்வோன்!

போராட்டத்தை ஜப்பான் நசுக்கிடுச்சு. ஆனா வேற ஒரு யுத்தம் சத்தமில்லாம ஆரம்பிச்சது. மனை யுத்தம்!

அதுவரைக்கும் ஜப்பான்காரங்க பெரும்பாலும் ஓடைக்குத் தெற்கேதான் குடியிருந்தாங்க. 1926-ல கியோங்போக்குங் அரண்மனைக்கு முன்னாடியே, அதை மறைக்கிற மாதிரி ஜப்பான் அரசாங்கத்தோட தலைமைச் செயலகக் கட்டடம் எழும்பிச்சு. ஆபீஸ் வடக்கே வந்தா அதிகாரிங்களும் வடக்கே வரணும் இல்லையா? அவங்க பார்வை புக்சோன் பக்கம் திரும்பிச்சு. இன்னொரு பக்கம், கிராமத்துல பிழைக்க வழி இல்லாம ஜனங்க சியோலுக்கு வந்து குவிஞ்சாங்க. 1920-ல சுமார் இரண்டரை லட்சமா இருந்த ஜனத்தொகை, 1935-ல நாலு லட்சத்தைத் தாண்டிடுச்சு. வீட்டுக்குப் பஞ்சம். பழைய ‘வி.ஐ.பி.’ குடும்பங்களோ பதவி போய், வருமானம் போய், அந்தப் பெரிய மனைகளை விக்கிற நிலைமை.

வாங்கப்போறது யாருங்கிறதுதான் கேள்வி. இங்கேதான் நம்மாளு என்ட்ரி!

ஜோங் செ-க்வோன். 1888-ல தென்கோடியில இருக்கிற கோசோங்ல பிறந்தவர். 1920-ல சியோல்ல ‘கொன்யாங்சா’ங்கிற வீடு கட்டுற கம்பெனியை ஆரம்பிச்சார். பெரிய மனையை மொத்தமா வாங்குறது, நடுவுல சந்து விட்டு சின்னச் சின்னதா பிரிக்கிறது, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஹனோக் கட்டி கொரியாக்காரங்களுக்கு விக்கிறது. ஹனோக்னா கொரியாவோட பாரம்பரிய மர வீடு. பதினோரு கிரவுண்டு எல்லாம் கிடையாது. பெரும்பாலும் ஒரு கிரவுண்டுக்கும் குறைவான மனைதான். மொத்தப் பணமும் இல்லாதவங்க தவணையில கட்டலாம்!

புக்சோன்ல இன்னிக்கு உலகமே போட்டோ எடுக்கிற காஹோ-டோங் 31-ம் நம்பர் சந்து அவர் போட்ட லே-அவுட். அங்கே இருந்து நடக்கிற தூரத்துல, இப்போ கஃபேக்களால நிரம்பி வழியிற இக்சோன்-டோங்கும் அவர் கைவண்ணம்தான். ‘பாரம்பரியம்’னு நாம நினைக்கிற அந்த வரிசை வீடுகள், அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்துக்கான ‘பட்ஜெட் வீடு’ ஸ்கீம், பாஸ்!

அதுக்காக அவரைச் சாமியாராக்க வேண்டாம். அவர் வியாபாரி. லாபம் பார்த்தார். ஆனா ஜப்பான் பாணி வீடு, மேல்நாட்டு பாணி வீடுனு ஃபேஷன் மாறிட்டிருந்த நேரத்துல, ‘எங்காளுங்க எங்க வீட்டுலதான் இருக்கணும்’னு பிடிவாதமா ஹனோக்கைக் கட்டினது லாபக் கணக்கு மட்டும் இல்லை. நம்ம ஊர் சுதேசி இயக்கம் மாதிரி, உள்நாட்டுப் பொருளையே வாங்கணும்னு கொரியாவுல அப்போ ஒரு இயக்கம் நடந்துச்சு. அதுக்கும் காசை அள்ளி விட்டவர் இவர்.

‘ப’ வடிவத்துல ஒரு வீடு!

இனி கொஞ்சம் இன்ஜினீயரிங். கொட்டாவி விடாதீங்க, மேட்டர் செம சுவாரஸ்யம்!

மூணு கட்டு வீட்டை ஒரு துண்டு மனைக்குள்ள எப்படி அடக்குறது? தனித்தனியா இருந்த கட்டுகளை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, நடுவுல ஒரு குட்டி முற்றத்தைச் சுத்தி வளைச்சாங்க. நம்ம தமிழ் ‘ப’ எழுத்தைத் தரையில படுக்கவெச்ச மாதிரி பிளான். மரத்தை மில்லுல ஒரே அளவா அறுத்து வாங்கினதால வேலை வேகம், செலவு கம்மி. பேப்பர் ஒட்டின கதவு இருந்த இடத்துல கண்ணாடிக் கதவு. கூரை ஓரத்துல மழைத்தண்ணிக்குத் தகரக் குழாய். தெருவைப் பார்த்த சுவர்ல செங்கல். வீட்டுக்குள்ள குழாய்த் தண்ணி, கரன்ட்.

ஆனா ரெண்டு விஷயத்தை மட்டும் தொடவே இல்லை. ஒண்ணு, ‘மாரு’ங்கிற மரத்தரை போட்ட கூடம். தரைக்குக் கீழே காலி இடம் இருக்கும். காத்து போய் வரும். கோடைக்கு ஜில்! இன்னொண்ணு, ‘ஓண்டோல்’. இதுதான் மாஸ்டர் பீஸ். அடுப்புல தீ மூட்டினா, சூடான புகை நேரா மேலே போகாது. ரூமோட தரைக்கு அடியில கல்லால கட்டின வாய்க்கால்களுக்குள்ள நுழைஞ்சு, முழுத் தரையையும் சுத்திட்டு, அந்தக் கோடியில இருக்கிற புகைபோக்கி வழியா வெளியே போகும். மேலே பரப்பின தட்டைக் கல் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, ராத்திரி முழுக்க மெதுவா விடும். ஒரே தீயில சோறும் ஆச்சு, ஹீட்டரும் ஆச்சு! சீரியல்ல எல்லாரும் தரையில உட்கார்ந்து சாப்பிட்டு, தரையிலயே மெத்தை போட்டுத் தூங்குறாங்களே, ஏன்னு இப்போ புரியுதா? இன்னிக்கு சியோல் அபார்ட்மென்ட்லகூட தரைக்கு அடியில சுடுதண்ணிக் குழாய் ஓடுது. புகைக்குப் பதில் தண்ணி, ஐடியா அதே! 2018-ல இந்த ஓண்டோல் பழக்கத்தையே தேசியப் பாரம்பரியமா அறிவிச்சிருக்காங்க.

அதாவது, பழசை அப்படியே காப்பி அடிக்கலை. எதை மாத்தணும், எதை விடக் கூடாதுன்னு தெரிஞ்சு கட்டினாங்க. மாத்தினதாலதான் ஜனங்க வாங்கினாங்க. வாங்கினதாலதான் தெரு பிழைச்சது!

வீட்டை வித்துச் சேர்த்த காசு... சொல்லைக் காப்பாத்த!

கதையோட உச்சகட்டம் இனிமேதான்.

1929-ல கொரிய அறிஞர்கள் கூடி, தங்கள் மொழிக்கு ஒரு பேரகராதி தொகுக்க ஆரம்பிச்சாங்க. உட்கார இடம்கூட சரியா கிடையாது. 1935-ல நம்ம பில்டர், புக்சோன்ல ஹ்வா-டோங் பகுதியில ஒரு ரெண்டு மாடிக் கட்டடத்தை அவங்க கொரிய மொழிச் சங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டார். கீழேயும் மேலேயும் சொற்கள் குவிஞ்சது. ஊர் ஊரா இருந்து வட்டாரப் பேச்சைச் சேகரிச்சு, அட்டை அட்டையா எழுதி அடுக்கினாங்க.

வெளியிலயோ நிலைமை மோசம். 1938-ல இருந்து ஸ்கூல்கள்ல கொரிய மொழிப் பாடம் படிப்படியா காணாமப் போச்சு. 1940-ல ஜனங்களோட பேரையே ஜப்பான் பேரா மாத்தச் சொன்னாங்க. தாய்மொழியில பேசினா ஸ்கூல்ல தண்டனை.

1942. ஒரு பள்ளி மாணவியோட டைரியில இருந்த ஒரு வரியைப் பிடிச்சு போலீஸ் நூல் பிடிச்சு வந்து, அகராதிக் குழுவுல கைவெச்சது. வரிசையா கைது, சித்ரவதை. யி யுன்-ஜே, ஹான் ஜிங்னு ரெண்டு அறிஞர்கள் ஜெயில்லயே உயிரை விட்டாங்க. குற்றம்? டிக்‌ஷனரி எழுதினது! இடம் கொடுத்த ஜோங் செ-க்வோனையும் இழுத்துட்டுப் போய்ச் சித்ரவதை பண்ணினாங்க. அவரோட நிலம் பெரிய அளவுல பறிபோச்சு. சியோல்ல வீடு மேல வீடா கட்டின மனுஷனோட தொழில் அத்தோட படுத்துடுச்சு. 1965-ல சொந்த ஊர்ல காலமானார். அரசாங்கம் அவருக்கு நாட்டுவிடுதலைக்கான விருது கொடுத்தது 1990-ல!

சரி, அந்தக் கையெழுத்துப் பிரதி? கேஸுக்கு சாட்சியமா போலீஸ் அள்ளிட்டுப் போன அத்தனை கட்டும் காணோம். 1945 ஆகஸ்ட்ல விடுதலை. செப்டம்பர் 8-ம் தேதி சியோல் ரயில்வே ஸ்டேஷன் குடோன்ல, 26,500 பக்கமும் மூட்டையா கிடைச்சது! 1947-ல முதல் தொகுதி, 1957-ல ஆறாவது தொகுதினு பேரகராதி முழுசா வெளியே வந்துச்சு. அந்தக் கையெழுத்துப் பிரதி 2020-ல நாட்டோட பொக்கிஷமா அறிவிக்கப்பட்டிருக்கு. ‘மால்மோயி’னு 2019-ல வந்த படம் இந்த அகராதிக் கதையை வெச்சு எடுத்ததுதான். அடுத்த ஹாஸ்டல் கச்சேரிக்கு நோட் பண்ணிக்கங்க!

மறுபடியும் கண்டம்!

1970-கள்ல சியோல் தெற்கே பாய்ஞ்சது. ஹான் நதிக்கு அந்தப் பக்கம் வயல்களா இருந்த இடம் ‘கங்னம்’ ஆச்சு. ஜனங்களை அங்கே இழுக்க, பேர் பெற்ற ஸ்கூல்களையே அரசாங்கம் அங்கே மாத்திடுச்சு. புக்சோன்ல இருந்த கியோங்கி ஹை ஸ்கூல் 1976-ல கிளம்பிப் போச்சு. அந்த வளாகம் இப்போ ஜோங்தொக் நூலகம். ஸ்கூல் போனா பெத்தவங்க சும்மா இருப்பாங்களா? பின்னாலயே போயிட்டாங்க!

1983-ல அரசாங்கத்துக்கு திடீர்னு ஞானோதயம். ‘இங்கே ஹனோக் தவிர எதுவும் கட்டாதே’னு கறாரா ரூல் போட்டாங்க. கூரை ஒழுகினாகூட இஷ்டத்துக்குக் கை வைக்க முடியலைனு குடியிருந்தவங்க கொதிச்சாங்க. 1991-ல ரூலைத் தளர்த்தினாங்க. உடனே சரசரனு ஹனோக்கை இடிச்சு செங்கல் குடியிருப்பு! 1985-ல 1,500-க்கும் மேல இருந்த ஹனோக்குகள், 2000-ல ஆயிரத்துக்கும் கீழே இறங்கிடுச்சு. முதல் ரூல் தெருவைக் காப்பாத்தி ஆளை மறந்தது. ரெண்டாவது ரூல் ஆளுக்கு வழிவிட்டு, தெருவைக் கைவிட்டது.

2001-ல மூணாவது முயற்சி. கட்டாயம் கிடையாது. வீட்டுக்காரர் இஷ்டப்பட்டுப் பதிவு பண்ணினா, ரிப்பேருக்கு மானியமும் கடனும் உண்டு. இது க்ளிக் ஆச்சு! 2009-ல யுனெஸ்கோவோட ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் வந்துச்சு. ‘ரிப்பேர்ங்கிற பேர்ல பழசை இடிச்சுப் புதுசா கட்டுறாங்க’னு அங்கேயே சிலர் சண்டையும் போட்டாங்க. அதுவும் நியாயமான சண்டைதான்.

இப்போ வில்லன்... நாமதான்!

ஜப்பான், கங்னம் மோகம், புல்டோசர் எல்லாத்தையும் தாண்டின புக்சோனுக்கு இப்போ வந்திருக்கிற சோதனை, சூட்கேஸ் உருட்டுற சத்தம்! சுமார் ஆறாயிரம் பேர் குடியிருக்கிற இடத்துக்கு, 2023-ல மட்டும் வந்த டூரிஸ்ட்டுகள் சுமார் 60 லட்சம். அந்த வீடுகளோட முற்றத்துக்கும் தெருவுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்தான். நீங்க வெளியே நின்னு ‘இன்னொரு டேக்!’னு கத்தினா, உள்ளே தூங்குற பாட்டி எழுந்திரிச்சுடுவாங்க. கதவைத் தள்ளிப் பார்க்கிறவங்க, வாசப்படியில குப்பை போடுறவங்கன்னு தினமும் ஒரு ரோதனை. 2018-ல குடியிருக்கிறவங்க பேனர் கட்டிப் போராடினாங்க. பத்து வருஷத்துல நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல ஏரியாவைக் காலி பண்ணிட்டாங்க.

அதனால 2024 நவம்பர்ல இருந்து, போட்டோவுக்குப் பேர் போன அந்தச் சந்துகளுக்கு டூரிஸ்ட்டுகள் காலையில 10 மணியில இருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும்தான் போகலாம். மீறினா, 2025 மார்ச்ல இருந்து ஒரு லட்சம் வொன் அபராதம். நம்ம காசுல கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய்!

‘அழகான தெருவைப் பூட்டி வைக்கிறாங்களே’னு முதல்ல எனக்கும் கோபம்தான் வந்துச்சு. ஆனா ஜோங் செ-க்வோன் கதையைப் படிச்சதுக்கு அப்புறம் வரலை. அவர் கட்டினது சினிமா செட் இல்லை, மியூசியமும் இல்லை. தவணை கட்டி ஒரு குடும்பம் குடியேறுறதுக்கான வீடு. அந்தக் குடும்பங்கள் விடாம அங்கேயே இருந்ததாலதான் மனை கை மாறலை, தெரு கை மாறலை. ஆள் இல்லாத ஹனோக் வெறும் ஓடும் மரமும்தான். ஓண்டோல்ல தீ மூட்ட ஒருத்தர் வேணும் இல்லையா?

இதைப் படிக்கிற யாருக்காவது பிராஜெக்ட், ஸ்காலர்ஷிப்னு சியோல் போற சான்ஸ் கிடைக்கலாம். மெட்ரோ மூணாவது லைன்ல ‘அங்குக்’ ஸ்டேஷன்ல இறங்குங்க. மேடு ஏறுங்க. கூரையை மட்டும் பார்க்காம, ஹ்வா-டோங் பக்கம் திரும்பி, இங்கே எங்கேயோ ஒரு மாடியிலதான் ஒரு மொழியோட சொற்களை எல்லாம் அடுக்கி வெச்சிருந்தாங்கனு ஒரு தடவை நினைச்சுக்கங்க. போட்டோவும் எடுங்க, தப்பில்லை.

ஆனா ஷ்ஷ்ஷ்... மெதுவா! உள்ளே ஆள் இருக்காங்க!